அம்மியே நகரும் என்றால்

(ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், பயிற்சியாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, அறுவை சிகிச்சைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் எலும்பு மருத்துவர் அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் கொடுத்த பள்ளித் தாளாளர் அவர்களே, விடியுமுன் பிள்ளைகளை எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிவரும் தாய்மார்களே, பயிற்சியாளப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். மெத்தை வாங்க அவர் முன்னின்றிருக்காவிட்டால் நம் பிள்ளைகள் இன்றைக்கும் தார்ப்பாயில்தான் பல்டி அடித்துக்கொண்டிருப்பார்கள். தாளாளர் அவர்கள் மின்விசிறி உட்பட எல்லா வசதியும் செய்து கொடுத்திருக்கிறார். அவருக்கும் நம் கைத்தட்டல் சேரட்டும்.

வலிமை, உணவு, உறக்கம், காயம் என்று நான்கு செய்திகள் பேச ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு பழமொழியில் தொடங்குகிறேன். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். பயிற்சிக் கூடங்களில் சுவரிலேயே எழுதிவைத்திருப்பார்கள். விடாமுயற்சிக்குச் சொல்லும் பழமொழி, சரிதான். ஆனால் அம்மி கருங்கல். கருங்கல்லே நகரும் என்றால், பத்து வயதுப் பிள்ளையின் எலும்பு என்ன ஆகும்?

மணிக்கட்டை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல் பக்கம் வரும் முன்கை எலும்பின் நுனியில் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். பதின்வயதின் நடுப்பகுதி வரை, ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் ஓரிரு ஆண்டு கூட, அது இளசாகத்தான் இருக்கும். பின்னால் பாய்ந்து கையூன்றிப் புரளும் பிளிக்-பிளாக் அடிக்கும்போது கையில் இறங்கும் விசை உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 30 கிலோ பிள்ளை என்றால் 60 கிலோவைத் தாண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டைத் தூக்கிக் கையில் போட்டதற்கு மேலே. ஒரு மாலையில் 50 முறை அடித்தால், 50 முறை அந்தச் சிப்பங்கள் விழுகின்றன. ஒரே அடியில் எதுவும் உடையாது. அடி மேல் அடி விழும்போதுதான் அந்தத் தட்டு நைந்துபோகிறது. அதையும் தாங்கிக்கொண்டு பயிற்சி தொடர்ந்தால் அந்த எலும்பின் வளர்ச்சியே நின்றுவிடலாம். பக்கத்து எலும்பு மட்டும் வளர்ந்து நீண்டு, மணிக்கட்டு நிரந்தரமாக வலிக்கும்.

கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பிள்ளையைத் தவழும் நிலையில் இருக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை தரையில் பதிந்திருக்க, தோள் விரல்களுக்கு நேராக வரும்வரை மெல்ல முன்னால் சாயட்டும். மணிக்கட்டின் மேல்புறம் வலித்தால் அன்றிலிருந்து கையில் எடை ஏற்றும் எதுவும் வேண்டாம். தலைகீழாகக் கையில் நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்டும் வேண்டாம், கையூன்றிச் சுழலும் பொம்மல் ஹார்ஸும் வேண்டாம். மருத்துவரிடம் போங்கள். தட்டு பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது 6 வாரமாவது ஓய்வு கேட்பார். அந்த 6 வாரமும் காலுக்கும் வயிற்றுக்கும் வேலை கொடுக்கலாம், பயிற்சி நின்றுபோகாது. மணிக்கட்டை வலுவாக்க அரிசி வாளி உதவும். வாளி அரிசிக்குள் கையை முழங்கைக்குக் கீழ்வரை புதைத்து, விரல்களை விரித்து மூடி 20 முறை. அப்படி 3 தடவை. வாரத்தில் மூன்று நாள்.

இப்போது சிட்னிக்குப் போவோம். 2000-ஆம் ஆண்டு, செப்டம்பர் 21. ஒலிம்பிக்கில் பெண்கள் ஆல்ரவுண்ட், அதாவது எல்லாக் கருவிகளிலும் சேர்த்து மதிப்பெண் கணக்கிடும் இறுதிப்போட்டி. அரங்கு நிறைந்திருக்கிறது. ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினா தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்து வந்தவர். வால்ட்டுக்கு, அதாவது குதிரை என்ற கருவியைக் கையால் தள்ளித் தாவும் பிரிவுக்கு, ஓடி வருகிறார், தாவுகிறார், முழங்காலில் வந்து விழுகிறார். உலகமே திகைத்தது. மனம் உடைந்த நிலையில் அடுத்து, தொங்கிச் சுழலும் பார் கம்பிகளுக்குப் போனார், அங்கேயும் விழுந்தார். இன்னும் சிலரும் அதே வால்ட்டில் தடுமாறினார்கள். பதற்றம் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடுவர்கள் இருந்தார்கள், பயிற்சியாளர்கள் இருந்தார்கள், கேமராக்கள் இருந்தன. யாருக்கும் தோன்றவில்லை. ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர், 16 வயதுப் பெண், தன் முறை வருவதற்குள் சொன்னார்: குதிரை தாழ்வாக இருக்கிறது. டேப் வைத்து அளந்தார்கள். 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 120-தான் இருந்தது! மூன்று விரல் அகலம். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் 25 மீட்டர் வரை ஓடிவந்து அந்த வேகத்தில் தாவுகிறவரின் கை, ஆயிரம் முறை பழகிய உயரத்தைத்தான் தேடும். அந்த இடத்தில் குதிரை இல்லையென்றால் தள்ளுவது பிந்துகிறது, உயரம் குறைகிறது, சுழற்சி முடியுமுன் தரை வந்துவிடுகிறது. ஏற்கெனவே தாவியவர்களுக்கு மறுபடி தாவ வாய்ப்புக் கொடுத்தார்கள். கோர்கினா பாரில் விழுந்ததை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

அந்தப் போட்டியிலேயே இன்னொன்றும் நடந்தது. தங்கம் வென்ற ருமேனியாவின் ஆந்திரேயா ரடுகான், அணி மருத்துவர் கொடுத்த சளி மாத்திரையில் இருந்த சூடோஎபெட்ரின் என்ற, அப்போது தடைசெய்யப்பட்டிருந்த மருந்தால் அந்தப் பதக்கத்தை இழந்தார். மாத்திரை விஷயத்தில் தாய்மார்கள் கவனமாக இருங்கள். பயிற்சிக்கு முன் வலி மாத்திரை கொடுத்து அனுப்பவே கூடாது. வலி மறையும், அடி மறையாது.

சிட்னியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அத்தனை பெரியவர்கள் நடுவில் கோளாறைச் சொன்னது ஒரு பிள்ளை. அவள் சொன்னதைக் கேட்டு டேப் எடுத்தார்கள். நம் கூடங்களில் எத்தனை பிள்ளைகள் சொல்லத் துணிகிறார்கள்? அதனால்தான் இந்த வலி நோட்டு இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகிறோம். 40 பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, எத்தனை மணி நேரம், கையில் எத்தனை அடி, எத்தனை முறை குதித்து இறங்கியது, எங்கே வலி, பத்துக்கு எத்தனை. பிள்ளையே எழுத வேண்டும், பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி என்றால், பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நோட்டில் எழுதினால்தான் தாண்டியது தெரியும். ஒரே இடத்தில் மூன்று நாள் தொடர்ந்து வலி என்று இருந்தால் அந்த அசைவை நிறுத்துங்கள். பின்னால் வளையும்போது இடுப்பில் வலி இரண்டு வாரத்தைத் தாண்டினால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கீழ் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம், படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தோளும் தொடையின் முன்புறமும் இறுகியிருப்பதால்தான் பாலம் போடும்போது வளைவு முழுவதும் இடுப்பில் போய் விழுகிறது. அவற்றைத் தளர்த்துங்கள், இடுப்பை மேலும் வளைக்காதீர்கள்.

வலிமைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 30 சென்டிமீட்டர் பெட்டியிலிருந்து இரண்டு காலில் குதித்து, முழங்கால் மடங்கி, 3 விநாடி அசையாமல் நிற்கப் பழக்குங்கள். முழங்கால் கால்விரல்களுக்கு நேராக இருக்க வேண்டும். உள்ளே சாய்ந்தால் தசைநார் கிழியும் வழி அது. சத்தத்தைக் கேளுங்கள். தொம்மென்று விழுந்தால் உயரத்தைக் கூட்டக் கூடாது. மெத்தைகளுக்கு இடையே கால் புகும் இடைவெளி இருந்தால் முதலில் அதை அடையுங்கள், கணுக்கால் பிசகுவது அங்கேதான். பாரைப் பிடிக்கக் கையில் மாட்டும் தோலுறைதான் கிரிப். பெண்களுக்கான கிரிப்பை ஆண்களின் ஒற்றைக் கம்பியான ஹை பாரில் போடவே கூடாது. பெண்கள் பார் 4 சென்டிமீட்டர் தடிமன், ஹை பார் 2.8 தான், கிரிப்பின் தோல் மடிந்து பாரில் பூட்டிக்கொண்டால் முன்கை முறிந்துவிடும்.

உணவையும் உறக்கத்தையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் ஆகிவிட்டது. பெண் பிள்ளைக்கு 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றாலோ, வந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனாலோ பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கவில்லை என்று சந்தேகப்பட்டு மருத்துவரைப் பாருங்கள். அதைச் சாதனை என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எலும்பு தேய்வது அங்கே தொடங்குகிறது.

விளையாட்டு அலுவலர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வலி நோட்டில் பதிவு இருந்து, மருத்துவர் சான்றும் இருந்து, தேர்வுப் போட்டியில் கலந்துகொள்ள முடியாத பிள்ளைக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு மறுதேர்வு வையுங்கள். இடம் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வலியை மறைக்கிறார்கள். அடி மேல் அடி விழுவது அந்தப் பயத்தால்தான். சிட்னியில் ஒலிம்பிக்கே மறுவாய்ப்புக் கொடுத்தது, மாவட்டம் கொடுக்க முடியாதா?

நோட்டுகள் வாசல் மேஜையில் அடுக்கியிருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளை தன் பெயரைத் தானே எழுதட்டும். நன்றி, வணக்கம்.