கிடப்பில் இருந்த ஒலிநாடாக்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஓர் இசைக்குழு கிடப்பில் போட்டுவிட்ட பதிவுகள் பல்லாண்டுகள் கழித்து வெளிவருகின்றன என்று கேள்விப்பட்டால், ரசிகனுக்கு ஆவலோடு ஐயமும் சேர்ந்தே எழும். நன்றாக இருந்திருந்தால் அப்போதே வெளியிட்டிருப்பார்களே என்பதுதான் அந்த ஐயம். இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'தி எண்ட்லெஸ் ரிவர்' தொகுப்பு 2014 நவம்பரில் வெளிவந்தபோது எனக்கும் அது இருந்தது. பலமுறை கேட்ட பிறகு பாதிதான் தீர்ந்திருக்கிறது.

1993இல் கித்தார் வாசிக்கும் டேவிட் கில்மோர், டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசன், கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட் ஆகிய குழுவினர் மூவரும் லண்டனின் பிரிட்டானியா ரோ ஒலிப்பதிவுக் கூடத்திலும், பின்னர் தேம்ஸ் ஆற்றில் நிற்கும் கில்மோரின் 'அஸ்டோரியா' படகிலும் அமர்ந்து, முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளாமல் மணிக்கணக்கில் வாசித்துப் பதிவு செய்தார்கள். அவற்றில் ஒரு பகுதி மறு ஆண்டு 'தி டிவிஷன் பெல்' தொகுப்பாயிற்று. பாடல்களுக்கு ஒரு தட்டு, வாத்திய இசைக்கு ஒரு தட்டு என்ற யோசனை காலம் போதாமல் கைவிடப்பட்டது. எஞ்சியவற்றிலிருந்து ஒலிப்பொறியாளர் ஆண்டி ஜாக்சன் தொகுத்த ஒரு மணி நேர இசையும் வெளிவரவில்லை. 2008 செப்டம்பரில் ரைட் காலமானார். அதன் பிறகே, மூவரும் சேர்ந்து வாசித்த இருபது மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை மற்ற இருவரும் மீண்டும் கேட்டு, புதிதாகச் சிலவற்றையும் வாசித்துச் சேர்த்து, இந்தத் தொகுப்பை உருவாக்கினார்கள்.

இதை நான் ரைட்டுக்காகவே கேட்கிறேன். குழுவின் முந்தைய தொகுப்பான 'தி வால்' பதிவின் காலத்தில் குழுவிலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் திரும்பி வந்தவர் அவர். கில்மோரின் கித்தார் ஒரு சொற்றொடரை நீட்டி முடிக்கும் இடத்தில், அவருடைய கீபோர்ட் அதற்குப் பதில் சொல்ல விரைவதில்லை. சற்றுப் பொறுத்து, இரண்டு மூன்று சுரங்களை மட்டும் மெல்ல வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பாடல்களில் குரலுக்கும் வரிகளுக்கும் அடியில் மறைந்துபோன இந்த நிதானம், பெரும்பாலும் வாத்திய இசையே ஓடும் இங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. நாடாக்கள் அலமாரியிலேயே கிடந்திருந்தால் அவருடைய பங்கை இவ்வளவு தெளிவாக நான் உணர்ந்திருக்கமாட்டேன்.

குறையும் உண்டு. பல துண்டுகள் இரண்டு நிமிடங்களைத் தாண்டுவதில்லை. காது பழகி அமரும்போதே அடுத்தது வந்துவிடுகிறது. மேசனின் டிரம்ஸ் முன்னுக்கு வரும் 'ஸ்கின்ஸ்' இன்னும் இருமடங்கு நீண்டிருக்கலாம். கில்மோரின் மனைவியும் எழுத்தாளருமான பாலி சாம்சன் எழுதிய வரிகளோடு இறுதியில் வரும் பாடல், சொல்லில்லாமலே புரிந்துவிட்டதை மறுபடி சொல்வதுபோல் எனக்குப் படுகிறது. ஜாக்சனின் அந்த ஒரு மணி நேரத் தொகுப்பையே வெட்டாமல் தந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

கிடப்பில் போடுவது இக்குழுவுக்குப் புதிதும் அன்று. 1973இல், இசைக்கருவிகளே இல்லாமல், ரப்பர் பட்டைகளையும் மதுக்கிண்ணங்களையும் போன்ற வீட்டுப் பொருள்களைக் கொண்டு ஒரு தொகுப்பையே உருவாக்க முயன்று கைவிட்டார்கள். கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தெடுத்த அந்த ஒலி 1975ஆம் ஆண்டுத் தொகுப்பின் தொடக்கத்தில் பயன்பட்டது. அம்முயற்சியின் இரண்டு துண்டுகளை 2011இல் வெளியிட்டபோது, அவற்றை ஆர்வத்தோடு ஒருமுறை கேட்டேன். மறுமுறை கேட்கத் தோன்றவில்லை. ஆகவே, கிடப்பில் இருந்ததெல்லாம் புதையல் என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் 'ஆட்டம் சிக்ஸ்டி எயிட்' (Autumn '68) என்ற ஒன்றரை நிமிடத் துண்டுக்கு மட்டும் நான் மீண்டும் மீண்டும் திரும்புகிறேன். இது 1993ஆம் ஆண்டு நாடாக்களிலிருந்து வந்ததன்று. 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் அரங்கின் பெரிய குழாய் ஆர்கனில் இளைஞரான ரைட் வாசித்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, மறைந்த நண்பரின் அந்த வாசிப்பின்மேல் கில்மோர் தம் கித்தாரைச் சேர்த்திருக்கிறார். இங்கே காத்திருந்து பதில் சொல்வது கித்தார்தான்.