தபால் அட்டையிலிருந்து லினோ கட்டைக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பழைய மேதைகளின் ஓவியத்தை எடுத்து நவீன அச்சுக்கலைஞர்கள் செய்வது நகலா, படைப்பா என்பது தலைப்பு. படைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், "பிக்காசோ கையில் இருந்தது ஒரு தபால் அட்டை. அதைப் பார்த்துச் செதுக்கியதில் படைப்பு எங்கே?" என்று கேட்டார். அட்டை உண்மைதான். ஜெர்மானிய ஓவியர் இளைய கிரானாக் 1564-இல் வரைந்த பெண்ணின் ஓவியம் அது. ஓவிய வணிகர் கான்வைலர் அனுப்பியது. ஆனால் அட்டையில் இருப்பது அப்படியே லினோலியத்தில், அதாவது செதுக்கி மை தடவி அச்சடிக்கும் மென்மையான தரைவிரிப்புப் பொருளில், வருமா? வராது, ஐயா!

எண்ணெய் வண்ணத்தில் கன்னத்து நிழல் மெல்லக் கரைகிறது. லினோவில் கரைவதே கிடையாது. உளி எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் மை. நிழல் எங்கே முடிகிறதென்று ஒரு கோடு போட்டே தீர வேண்டும். கிரானாக் போடாத அந்தக் கோட்டை 1958-இல் போட்டவர் பிக்காசோ.

அடுத்து நிறம். நிறத்துக்கு ஒரு கட்டை. பிரான்சின் வல்லோரி ஊரில் பிக்காசோவுக்கு அச்சடித்துக் கொடுத்த அர்னேரா, ஒரே தாளை ஒவ்வொரு கட்டைக்கும் இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் உதட்டோரம் வெள்ளைக் கீற்று தெரியும். இல்லையென்றால் நிறத்தின்மேல் நிறம் ஏறி விளிம்பு கறுக்கும். இந்தத் தொல்லை கண்டுதான் 1959-இல் ஒரே கட்டைக்கு மாறினார் பிக்காசோ. வெளிர் நிறத்தை எல்லாத் தாளிலும் அடிப்பது, அதே கட்டையை மேலும் செதுக்குவது, அதன்மேல் அடர் நிறத்தை அடிப்பது. இந்த முறையில் 50 பிரதி வேண்டுமென்றால் முதல் நிறத்திலேயே 60 தாளாவது அடித்து வைக்க வேண்டும். பாதியில் கெட்டால் ஈடுகட்ட முடியாது. முந்தைய நிலையில் கட்டையே இருக்காது. வெறும் நகலுக்கு இத்தனை பாடு எதற்கு?

"மேதைகள் இதை ஏற்பார்களா?" என்றும் கேட்டார்கள். டச்சு மேதை ரெம்பிராண்ட் என்ன செய்தார்? அவருக்கு முந்தைய டச்சுக் கலைஞர் ஹெர்குலிஸ் செகர்ஸ் அச்சடிப்பதற்காகக் கீறிய 'தோபியாவும் வானதூதரும்' என்ற விவிலியக் காட்சியின் செப்புத் தகடு அவர் கைக்கு வந்தது. பெரிய உருவங்கள் இரண்டையும் சுரண்டி, மழுக்கி, அந்த இடத்தில் எகிப்துக்குத் தப்பியோடும் திருக்குடும்பத்தை (குழந்தை இயேசு, மரியா, யோசேப்பு) சிறிதாகக் கீறினார், சுற்றி மரங்கள். ஆழம் போதாமல் சுரண்டினால் பழைய கோடு மறுபடி மை பிடிக்கும். அப்படித்தான் வானதூதரின் சிறகு கிளைகளுக்கிடையே இன்றும் தெரிகிறது. மீதி நிலக்காட்சி செகர்ஸுடையதே. ஆனாலும் ரெம்பிராண்டின் எச்சிங் (செப்புத் தகட்டு அச்சு) பட்டியலில்தான் அது இருக்கிறது. நகல் என்று அதை நீக்கச் சொல்ல எதிரணி தயாரா? சொல்லட்டும்.