நுனவுட்: பனிப்புயலுக்குக் காவலிருக்கும் ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கனடாவின் வடகோடியில் இருக்கும் நுனவுட் பிரதேசத்து ஊர்கள், குளிர்காலத்தின் கடும் வானிலையையும் அதோடு கூடவே வரும் ஆபத்துகளையும் எவ்வாறு கண்காணிக்கின்றன என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். 1999 ஏப்ரல் 1 அன்று தனிப் பிரதேசமாக உருவான நுனவுட்டின் பரப்பு ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர்; இந்தியாவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு பெரிய நிலத்தில் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 37 ஆயிரத்துக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் வடதுருவப் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள். ஊர்கள் 25. ஓர் ஊரை மற்றோர் ஊரோடு இணைக்கும் சாலை கிடையாது. தெற்கே நாட்டின் மற்றப் பகுதிகளுக்குச் செல்லும் சாலையும் கிடையாது. கோடையில் கடல் உருகிக் கிடக்கும் காலத்தில் கப்பல் வரும். மற்ற மாதங்களில் வெளியுலகத்துக்குப் போகவும் அங்கிருந்து வரவும் விமானம் ஒன்றே வழி.

புயல் அடித்தால் அந்த விமானமும் வராது. மற்ற இடங்களில் புயலினால் உதவி தாமதப்படும்; நுனவுட்டில் புயல் ஓயும்வரை ஊரில் இருக்கும் ஆட்களையும் ஊரில் இருக்கும் பொருட்களையும் கொண்டே சமாளித்தாக வேண்டும். ஆகவே அங்கே கண்காணிப்பு என்றால், புயல் எப்போது வரும் என்று சொல்வது பாதி வேலைதான். அது நீடிக்கும் நாட்களில் மின்சாரம், தண்ணீர், மருத்துவம் ஆகியவை தாக்குப்பிடிக்குமா என்று பார்த்துக்கொண்டே இருப்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியை நாட்டின் தலைநகரான ஒட்டாவாவிலோ, தெற்கே வானிலை முன்னறிவிப்பாளர்கள் இருக்கும் எட்மன்டன் நகரிலோ உட்கார்ந்து செய்ய முடியாது என்பது என் கருத்து. முதல் பாதியையும் அங்கிருந்தபடி முழுமையாகச் செய்ய முடியாது என்பதற்கும் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பனிப்புயல் என்றதும் வானத்திலிருந்து பனி கொட்டுவதாகத்தான் நாம் கற்பனை செய்கிறோம். ஆனால் கனடா வானிலைத் துறை பனிப்புயலுக்கு வகுத்துள்ள இலக்கணத்தில் பனி எவ்வளவு கொட்டுகிறது என்ற அளவே இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்று, 400 மீட்டர் அல்லது அதற்குக் குறைந்த பார்வைத் தொலைவு, இந்த இரண்டும் மரங்கள் வளரும் எல்லைக்கு வடக்கே குறைந்தது ஆறு மணி நேரம் நீடிக்க வேண்டும், அவ்வளவே. நுனவுட்டின் பெரும்பகுதி ஆண்டு முழுவதற்குமே மிகக் குறைந்த மழைப்பொழிவும் பனிப்பொழிவும் கொண்ட குளிர்ப் பாலைவனம். ஏற்கெனவே தரையில் கிடக்கும் உலர்ந்த பனித்தூளைக் காற்று கிளப்பி ஓட்டும்போது, தலைக்கு மேலே வானம் தெளிவாக நட்சத்திரங்களோடு தெரிந்துகொண்டிருக்க, எதிரே நிற்கும் வீடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மறைக்க ஒரு மரமும் இல்லாத பேக்கர் லேக் போன்ற ஊர்களில் இத்தகைய புயல் குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

இப்படிப்பட்ட புயலை மேலிருந்து பார்ப்பது கடினம். நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் வானிலைச் செயற்கைக்கோள்களுக்கு வடதுருவப் பகுதி விளிம்பில் சாய்ந்து, நசுங்கியே தெரியும். துருவங்களைக் கடந்து சுற்றும் செயற்கைக்கோள்கள் நேராகப் பார்க்கின்றன; ஆனால் மாதக்கணக்கில் சூரியன் உதிக்காத துருவ இரவில் அவை வெப்பக்கதிர்களை நம்பித்தான் படம் எடுக்க வேண்டும். தரையில் கிடக்கும் பனியும், தரையை ஒட்டி ஓடும் பனியும், தாழ்ந்த மேகமும் ஏறத்தாழ ஒரே குளிரில் இருப்பதால் படத்தில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது சிரமம். எட்மன்டனிலுள்ள முன்னறிவிப்பாளருக்கு, காற்று எவ்வளவு வேகத்தில் வரும் என்று கணினி மாதிரிகள் நன்றாகவே சொல்லிவிடும். அந்தக் காற்றில் இந்த ஊரின் பனி கிளம்புமா, அல்லது சென்ற வாரத்துப் புயலில் இறுகிக் கெட்டிப்பட்டு அப்படியே கிடக்குமா என்பதை அவை அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

அதைச் சொல்ல, அந்த ஊரில் ஒருவர் வெளியே வந்து பார்க்க வேண்டும். நுனவுட்டின் சிறு விமான நிலையங்களில் உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்று வானிலை அவதானிப்பாளர்களாகவும், விமானிகளோடு வானொலியில் பேசுபவர்களாகவும் வேலை செய்கிறார்கள். பார்வைத் தொலைவை அளக்கும் முறை எளிமையானது. எண்ணெய்த் தொட்டி இத்தனை மீட்டர், கோபுரம் இத்தனை மீட்டர், அந்தக் குன்று இத்தனை கிலோமீட்டர் என்று முன்பே அளந்து வைத்த அடையாளங்களில் எதுவரை தெரிகிறது என்று பார்ப்பார்கள். இருட்டில் விளக்குகளைப் பார்த்துக் கணிப்பார்கள். தானியங்கி உணர்கருவிகளும் உண்டு. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை, ஆனால் காற்றுமானியில் உறைபனி படிந்தால் அது சுழலாமல் நிற்கும். பனிப்பொழிவை அளக்கும் கலனோ, பலத்த காற்றில் பனி குறுக்காகப் பறப்பதால், உண்மையில் விழுந்ததைவிடக் குறைவாகவே காட்டும்.

கருவியின் எல்லைக்கும் அப்பால் குளிர் போன ஒரு நாளும் உண்டு. நுனவுட்டுக்கு மேற்கே யூக்கான் பிரதேசத்தில் ஸ்னாக் என்ற சிறு விமானத்தளத்தில், 1947 பிப்ரவரி 3 அன்று வெப்பமானியின் ஆல்கஹால் கடைசிக் கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. (மைனஸ் 39 டிகிரி வாக்கிலேயே பாதரசம் உறைந்துவிடுவதால் அங்கே ஆல்கஹால் வெப்பமானிதான்.) அவதானிப்பாளர் அது நின்ற இடத்தில் கண்ணாடியின் மேல் ஓர் அடையாளம் இட்டார். பின்னர் அந்த வெப்பமானியை டொரொண்டோவுக்கு அனுப்பிச் சோதித்து, மைனஸ் 63 டிகிரி செல்சியஸ் என்று உறுதி செய்தார்கள். கனடாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே.

மனித உடலுக்கு வெப்பநிலை மட்டும் கணக்கில்லை, காற்றும் சேர வேண்டும். இன்று கனடாவும் அமெரிக்காவும் பயன்படுத்தும் காற்றுக்குளிர்க் குறியீடு, தன்னார்வலர்களைக் குளிரூட்டிய காற்றுச்சுரங்கத்தில் நடக்கவைத்து முகத்தோலின் வெப்ப இழப்பை அளந்து, 2001இல் திருத்தி அமைக்கப்பட்டது. அதன்படி குறியீடு மைனஸ் 40ஐத் தொட்டால் மூடாத தோல் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் உறைந்துவிடும். மைனஸ் 55ஐத் தாண்டினால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. வீட்டு வாசலிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வழி தவறினாலே உயிருக்கு ஆபத்து என்பது இந்த எண்களிலிருந்து விளங்கும்.

இனி ஊருக்குள் வருவோம். நுனவுட்டில் மாநிலங்களைக் கடந்து வரும் மின்கம்பிகள் இல்லை. ஒவ்வோர் ஊரும் தன் டீசல் மின்நிலையத்தை நம்பியே இருக்கிறது. சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் திரண்டு குழாயை அடைத்துவிடும் என்பதால், துருவப் பகுதிக்கெனத் தயாரித்த டீசலை ஆண்டுக்கும் சேர்த்துக் கோடைக் கப்பலில் கொண்டுவந்து தொட்டிகளில் நிரப்பி வைக்கிறார்கள். வீட்டைச் சூடாக்கும் உலை எண்ணெயில் எரிந்தாலும், அதன் பம்பும் விசிறியும் மின்சாரத்தில்தான் ஓடும். மின்சாரம் போனால் உலை நிற்கும், சில மணி நேரத்தில் வீடு குளிரும், அதன்பின் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். மின்சாரம் திரும்பி வரும் நேரமும் ஆபத்தானதே. குளிர்ந்து கிடக்கும் எல்லா வீடுகளின் உலைகளும் கெண்டிகளும் ஒரே நொடியில் இயங்கத் தொடங்கினால் அந்தச் சுமையைத் தாங்காமல் ஜெனரேட்டர் மறுபடியும் நின்றுவிடும். ஆகவே மின்நிலையப் பொறுப்பாளர் ஊரைப் பகுதி பகுதியாக இணைக்கிறார். மின்னடுப்புகளை அணைத்து வையுங்கள் என்ற வேண்டுகோளும் வானொலியில் போகும். எத்தனை நேரம் எந்தப் பகுதி இருளில் கிடந்தது, அங்கே யார் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் வீட்டில் ஆக்சிஜன் கருவியோடு முதியவர் இருக்கிறார் என்பது ஊர்க்காரருக்கே தெரியும்.

பாஃபின் தீவிலுள்ள பாங்னிர்டுங் என்ற ஊரில், 2015 ஏப்ரல் தொடக்கத்தில் மின்நிலையம் தீப்பிடித்து அழிந்தது. ஏறத்தாழ 1,500 பேர் வாழும் ஊர். அவசர நிலை அறிவிக்கப்பட்டது; மாற்று ஜெனரேட்டர்களை விமானத்தில் வரவழைக்க வேண்டியிருந்தது. அது ஏப்ரல் மாதம், பகல் நீண்டுவிட்ட காலம். அதே தீ ஜனவரியில், விமானம் இறங்க முடியாத ஒரு புயலின் நடுவே பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி, அங்கே இடர்கால ஏற்பாடுகளைத் திட்டமிடுபவர்களுக்கு வெறும் கற்பனைக் கேள்வியாக இருக்க முடியாது.

தண்ணீரும் இப்படித்தான். பெரும்பாலான ஊர்களில் நிலத்தடிக் குழாய் இல்லை, ஏனெனில் நிலமே நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. லாரி வந்து வீட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பும். இன்னொரு லாரி கழிவுநீரை உறிஞ்சிச் செல்லும். புயலில் இரண்டும் ஓடாது. முதல் நாளில் யாரும் கவலைப்படுவதில்லை. மூன்றாம் நாளில் பெரிய குடும்பங்களின் தொட்டி வற்றத் தொடங்குகிறது. கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டால் தண்ணீர் இருந்தும் குழாயைத் திறக்க வழியில்லை. புயல் ஓய்ந்ததும் எந்தத் தெருவின் பனியை முதலில் அள்ளுவது, லாரி முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்ற முடிவுகள் ஊராட்சி அலுவலகத்தில் எடுக்கப்படுகின்றன. மருத்துவத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: பெரும்பாலான ஊர்களில் செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையமே இருக்கிறது, அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவரை நுனவுட்டின் தலைநகரான இக்காலுயிட், தெற்கே ஒட்டாவா, வின்னிபெக், யெல்லோநைஃப் போன்ற நகரங்களுக்கு விமானத்தில்தான் அனுப்ப வேண்டும்.

எச்சரிக்கை மக்களைச் சென்று சேரும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 அக்டோபர் 6 அன்று, அனிக் எஃப்2 என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஒரு கோளாறினால் பூமியை நோக்கும் திசையிலிருந்து விலகியது. வடக்கே பல ஊர்களில் வெளியூர்த் தொலைபேசியும் இணையமும் ஒருசேர நின்றன, விமானங்கள் ரத்தாயின. உள்ளூருக்குள் பேசும் தொலைபேசியும், ஊரின் சிறு பண்பலை வானொலியும் அத்தகைய கோளாறைக் கடந்து நிற்கக்கூடியவை. பள்ளி மூடல், தண்ணீர் லாரி நிறுத்தம், வேட்டைக்குப் போய் இன்னும் திரும்பாதவரின் பெயர் எல்லாம் இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் அந்த வானொலியில்தான் வருகின்றன. வானொலியில் உட்கார்ந்து வானொலியைப் புகழ்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம்; இந்த விஷயத்தில் புகழ்ச்சி பொருத்தமானதே.

ஊருக்கு வெளியே, உறைந்த கடலின் மேல் ஸ்னோமொபைல் என்னும் பனி மோட்டார் வண்டியில் செல்பவர்களின் நிலை வேறு. விமானம் தேவைப்படும் பெரிய தேடுதல்களை ஒருங்கிணைக்கும் மையங்களில் ஒன்றான டிரென்டன், ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறது. வடக்கே கிரீஸ் ஃபியார்டு என்ற ஊர் அங்கிருந்து 3,500 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆகவே முதலில் புறப்படுபவர்கள் உள்ளூர்த் தேடுதல் குழுவின் தன்னார்வலர்களும், ராணுவத்தின் துணைப்படையான கனடிய ரேஞ்சர்களுமே. செயற்கைக்கோள் வழி இருப்பிடம் காட்டும் கையடக்கக் கருவிகளை ஊராட்சிகள் வேட்டைக்காரர்களுக்கு இரவல் தருகின்றன. குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும் என்பதால் அதை உடுப்புக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இக்லூலிக் பகுதியினர், வடமேற்குக் காற்று தரைப்பனியில் செதுக்கிவிட்டுப் போகும் நாக்கு வடிவ மேடுகளை எந்தக் கோணத்தில் கடக்கிறோம் என்பதைக் கொண்டு, எதுவுமே தெரியாத வெண்மையிலும் திசை பிடிக்கிறார்கள். அந்த மேடுகள் கல்போல் இறுகியவை; சறுக்குவண்டி அவற்றின் மேல் ஏறி இறங்கும் அதிர்விலேயே திசை தெரிந்துவிடும்.

காலடியில் உறைந்த கடலின் பனிக்கட்டி எவ்வளவு தடிமன் என்பதோ கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே கிடக்கும் தரைப்பனி போர்வையாகி, கீழே கட்டி தடிப்பதைத் தடுக்கிறது. ஆழமான பனிக்கு அடியில் மெல்லிய கட்டி இருக்கலாம். நுனவுட்டுக்கு வெளியே, கனடாவின் கிழக்கே லாப்ரடார் கரையிலுள்ள நெயின் என்ற ஊரில், 2009–10 குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாகிப் பல பயணங்கள் ஆபத்தில் முடிந்தபின், மெமோரியல் பல்கலைக்கழகமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஸ்மார்ட்ஐஸ் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். கட்டியில் நட்டுவைத்த மிதவை அதன் வெப்பநிலையை அடுக்கடுக்காக அளந்து அனுப்பும். ஸ்னோமொபைல் இழுத்துச் செல்லும் சறுக்குவண்டியில் பொருத்திய மின்காந்தக் கருவி போகும் வழியெல்லாம் கட்டியின் தடிமனை அளக்கும். கருவியை இழுத்துச் செல்பவர் அந்த ஊர்க்காரர். எந்த வழியை அளப்பது என்று முடிவு செய்பவரும் ஊர்க்காரரே. இந்த இரண்டாவது அம்சத்தால்தான் அந்த ஏற்பாடு மற்ற ஊர்களுக்கும் பரவியது என்று நினைக்கிறேன்.

வானிலை இப்போது முன்போல் இல்லை, சட்டென்று மாறிவிடுகிறது, அடையாளங்களை நம்ப முடியவில்லை என்று இனுயிட் முதியவர்கள் நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். சராசரி வெப்பநிலைகளைப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அது எண்களில் தட்டுப்படவில்லை. பேக்கர் லேக்கின் பதிவுகளை வேறு விதமாக, அதாவது ஒரு நாளின் வானிலை மறுநாளும் எவ்வளவு தொடர்கிறது என்று அளந்து பார்த்தபோது, வசந்த காலத்தில் அந்தத் தொடர்ச்சி குறைந்திருப்பது தெரியவந்தது. 2010இல் அது வெளியிடப்பட்டது. பாஃபின் தீவின் கிழக்குக் கரையிலுள்ள கிளைடு ரிவர் ஊரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அதுவரை வானிலை அளவீடு விமான நிலையத்தில் இருந்தது. வேட்டைக்காரர்கள் போவதோ, காற்று வேறு வேகத்தில் வேறு திசையில் பாயும் குறுகிய கடற்பள்ளத்தாக்குகளுக்குள். எனவே தானியங்கி நிலையங்களை எங்கே நிறுவுவது என்பதை வேட்டைக்காரர்களும் ஆய்வாளர்களும் கூடிப் பேசி முடிவு செய்து, அவர்கள் பயணம் போகும் பாதைகளிலேயே நிறுவினார்கள். புறப்படும் முன் அந்த நிலையங்கள் காட்டும் காற்றையும் குளிரையும் பார்த்து, தாங்கள் வானத்தில் கண்டதோடு ஒப்பிட்டு, போவதா நிற்பதா என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். நன்றி, வணக்கம்.