காந்தம் தீண்டாத கடிகாரம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திச் சிறப்பித்த செயலாளர் அவர்களே, பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

விமானிகளின் கைக்கடிகாரத்தில் இரண்டைப் பற்றிப் பேச வந்தேன்: விநாடி முள், காந்தம். 'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பார்கள். இரண்டும் அப்படிப்பட்ட துரும்புகள்.

1948-ல் பிரிட்டிஷ் விமானப்படைக்கென்று சுவிட்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி. நிறுவனம் மார்க் 11 கடிகாரத்தை உருவாக்கியது. கறுப்பு முகப்பு, வெள்ளை எண்கள், அகலம் 36 மி.மீ. சாவியை வெளியே இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும்; புறப்படுமுன் எல்லோரும் ஒரே விநாடிக்கு நேரம் வைக்கலாம். நட்சத்திரத்தை அளந்து வழி கண்ட காலம் அது. நிலநடுக்கோட்டில் 4 விநாடி பிசகினால் கணக்கு ஒரு கடல் மைல் பிசகும். விமானி அறையிலோ மின்கருவிகள், காந்தப்புலம். ஆகவே இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்பில் உள்கூடு போட்டார்கள். ஒரு தகட்டுத் துண்டுதான். சிறு துரும்பும் பல் குத்த உதவும்!

காந்தம் என்ன செய்யும்? என் அப்பாவிடம் ஒரு எச்.எம்.டி. பைலட் இருந்தது, கறுப்பு முகப்பு, தினமும் சாவி கொடுப்பார். இரவில் கழற்றி ஸ்பீக்கர் பெட்டிமேல் வைப்பார். ஒரு மாதம் கடிகாரம் தறிகெட்டு ஓடியது. அரைமணி முன்னதாகப் பேருந்து நிலையத்துக்குப் போய் நிற்பார். பள்ளி மணி அடிக்குமுன்னே என்னைத் தேடி வாசலுக்கு வந்துவிடுவார்! பெரிய கடையில், "தூக்கிப் போடுங்க, பேட்டரி வாட்ச் வாங்குங்க" என்றார்கள். படிக்கட்டுக்கடியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கொடுத்தார். அவர் கடிகாரத்தைத் திறக்கவேயில்லை. திசைகாட்டியை அருகில் கொண்டுபோனார், முள் ஆடியது. "காந்தம் ஏறியிருக்கு தம்பி. உள்ளே முடி மாதிரி மெல்லிசா இருக்கிற சுருள், ஹேர் ஸ்பிரிங், அதோட சுத்துக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வேகமா ஓடுது." மின்கம்பிச் சுருள் ஒன்றில் விட்டு மெல்ல வெளியே எடுத்தார். ஐந்து நிமிடம். அப்பா அன்றிரவே ஸ்பீக்கர் பெட்டியை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டார்.

அந்தப் பெரியவருக்கு இன்று எண்பது வயது. சீடர் ஒருவரும் இல்லை. தலைவர் அவர்களே, கீழ்த்தளத்தில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தாருங்கள். சொல்லிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார். தலைமையாசிரியை அம்மா, பிள்ளைகளை நீங்கள் அனுப்புங்கள். முதல் வகுப்புக்கு அப்பாவின் பைலட்டையே கொண்டுவருகிறேன். பிரித்துப் போட்டுப் பழகட்டும்.