வாரயிறுதித் தமிழ்ப்பள்ளியில் அரை மணி ஆட்டம்

பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, தமிழ்ச்சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் ஐயா அவர்களே, காலையிலேயே வந்து நாற்காலி போட்ட பெற்றோர்களே, பலகாரத்துக்குக் காவல் நிற்கும் தன்னார்வலர்களே, வணக்கம். ஆண்டுவிழா மேடையில் மொழிப்பெருமை பேசுவது வழக்கம். நான் பெண்பிள்ளைகளின் ஓட்டத்தைப் பேசப்போகிறேன். சுவர் இருந்தால்தானே சித்திரம்?

வளரும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடப்பது என்ன? இதே அமெரிக்காவில் கறுப்பினச் சிறுமியர் 1,213 பேர், வெள்ளையினச் சிறுமியர் 1,166 பேர் என 9, 10 வயதிலிருந்து 18, 19 வரை பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளியானது. 16, 17 வயதில் ஓய்வுநேரத்தில் ஓட்டமோ ஆட்டமோ அறவே இல்லாதவர்கள் கறுப்பினத்தில் 56 விழுக்காடு, வெள்ளையினத்தில் 31. இந்தச் சரிவோடு சேர்ந்து வந்தவை கறுப்பினச் சிறுமியரிடம் கர்ப்பம், வெள்ளையினச் சிறுமியரிடம் புகைப்பழக்கம். "பொண்ணுங்களுக்குச் சோம்பல்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முடி, வீடு, இடம் என்று மூன்று காரணம் சொல்கிறேன்.

முதலில் முடி. 2011 ஆகஸ்டில் அட்லாண்டாவில் பெரிய சிகையலங்காரக் கண்காட்சி. அங்கே மேடையேறியவர் யார் தெரியுமா? நாட்டின் அன்றைய தலைமை மருத்துவர், அதாவது சர்ஜன் ஜெனரல், ரெஜினா பெஞ்சமின்! தலைமுடி கெடுமென்று பயந்து பெண்கள் உடற்பயிற்சியை விடுகிறார்கள், வேர்த்தாலும் கலையாத அலங்காரம் செய்து கொடுங்கள் என்று முடிதிருத்துபவர்களிடமே போய்க் கேட்டார். நாட்டின் தலைமை மருத்துவருக்கு இதுவா வேலை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் சுருட்டை முடி இல்லை போலும்! சூட்டுச் சீப்பால் நீவி நேராக்கிய சுருட்டை முடி வேர்வை பட்டதும் சுருண்டுகொள்ளும். முதல் பீரியடே உடற்கல்வி என்றால், சாயங்காலம் வரை அந்தத் தலையோடு வகுப்பில் உட்கார வேண்டும். எந்தப் பெண் ஓடுவாள்?

அடுத்து வீடு. நம் வீட்டையே சொல்கிறேன். "வெயில்ல கறுத்துடுவே", "அந்த மூணு நாள் ஆடாதே". வலி இல்லையென்றால் அந்த நாட்களிலும் தாராளமாக ஆடலாம், தாய்மார்களே! இதற்குமேல் கணக்கு டியூஷன், அதற்குமேல் நம் தமிழ் வகுப்பு. சுவரை உட்காரவைத்தே கரைத்துவிட்டு எங்கே சித்திரம் வரைவது?

இடத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு நடுவே 30 நிமிடம்: 5 நிமிடம் வேகநடை, 20 நிமிடம் ஆட்டம், 5 நிமிடம் கைகால் நீட்டல். அவுட் ஆனவளை வெளியேற்றும் ஆட்டம் வேண்டாம். ஓடமுடியாதவள்தான் முதலில் அவுட்டாகி, கடைசிவரை ஓரமாக நிற்பாள். ஓடிப்பிடிக்கையில் தொடப்பட்டவள், துரத்துபவளோடு கைகோத்துச் சேர்ந்து துரத்தட்டும். வெள்ளை டீ-சர்ட் வேர்வையில் உடம்பைக் காட்டும். கருநீலமாக வாங்குங்கள், முழுக்கால் சட்டையும் இருக்கட்டும். செயற்குழுவுக்கு ஒரே விண்ணப்பம்: கார் நிறுத்துமிடத்தில் பாதியைக் கூம்பு வைத்து அடைத்துக் கொடுங்கள், வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.