கட்டுவிரியன் கடி: ஆம்புலன்ஸுக்குள் மூச்சைக் காப்பது

[காட்சி: புளியரை மலைப்பாதை, எஸ் வளைவில் ஏறும் 108 ஆம்புலன்ஸ். விடியற்காலை.]

குரல்: கேரள எல்லையில் ஆரியங்காவு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு. தரையில் பாய் விரித்துப் படுத்தவர் நான்கு மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்து வாந்தி எடுக்கிறார். “ராத்திரி சாப்பிட்ட பரோட்டாதான் காரணம்” என்கிறார்கள் வீட்டார். இருக்கலாம். ஆனால் அவருடைய இமைகள் இரண்டும் பாதி தொங்கியிருந்தால், அவசரகால மருத்துவ நுட்பநர் முதலில் சந்தேகிக்க வேண்டியது கட்டுவிரியனைத்தான். அதன் கடியில் பெரும்பாலும் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. பல்தடம்கூடக் கண்ணில் படாமல் போகலாம்.

உள்ளே நுழையும் முன் டார்ச் அடித்துத் தரையையும் பாயையும் பாருங்கள். பாம்பு இன்னும் அங்கேயே இருக்கலாம். அதைத் தேடிப் பிடிக்க நேரம் செலவிடாதீர்கள். எல்லைப் பகுதியில் சிலர் ‘வெள்ளிக்கெட்டன்’ என்று மலையாளத்தில் சொல்வார்கள்; அதுவும் கட்டுவிரியன்தான். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை கால் தெரிந்தால், எலும்பு முறிவுக்குப் போல மட்டை வைத்து அசையாமல் கட்டினால் போதும்.

[காட்சி: நோயாளி விரல்விட்டு எண்ணுகிறார்.]

குரல்: இனி கவனம் முழுவதும் மூச்சில். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு தசையோடு சேருமிடத்தைத் தாக்குகிறது. முதலில் இமை, பிறகு விழுங்குவது, கடைசியில் மூச்சுத் தசைகள். இதை அளக்க எளிய வழி உண்டு: ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். சற்று முன் 30 வரை எண்ணியவர் இப்போது 15-இல் நின்றால், தசை தளர்கிறது என்று பொருள். விரலில் மாட்டிய ஆக்சிஜன் அளவி 98 காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். முகமூடி வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு ஓய்ந்துவரும்போதும் அந்த எண் நன்றாகவே இருக்கும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும்.

எச்சிலை விழுங்க முடியாத நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்தால் அதுவே மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உறிஞ்சுகருவியைத் தயாராக வையுங்கள்.

[காட்சி: கைகள் மட்டும், மிக அருகில்.]

குரல்: மூச்சு போதவில்லையா? நோயாளியை மல்லாக்கத் திருப்பி, செயற்கைச் சுவாசப் பையை எடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை வளைத்துப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பை மேலே தூக்க வேண்டும். முகமூடியை முகத்தில் அழுத்தாதீர்கள். முகத்தை முகமூடிக்குள் தூக்குங்கள். பெரியவர்களுக்கு 6 நொடிக்கு ஒரு முறை, ஒரு நொடி நீளத்துக்கு, மார்பு எழும் அளவுக்கு மட்டும் அமுக்குங்கள். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகத்தான் அமுக்குவார்கள். அப்போது காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியைக் கிளப்பும். வளைவுகளில் கை நழுவும். வேகத்தைக் குறைக்கும்படி பைலட்டிடம், அதாவது ஓட்டுநரிடம், தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. கண் திறக்கவில்லை, கை அசையவில்லை என்பதால் நினைவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்கு நாம் பேசுவது கேட்டுக்கொண்டிருக்கலாம். “அண்ணா, மூச்சு நான் கொடுக்கிறேன், பயப்படாதீர்கள்” என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அவர் காதுபடக் கைவிரிக்காதீர்கள்.

எங்கே கொண்டுபோவது? கேரளத்துப் புனலூரா, தமிழ்நாட்டுத் தென்காசியா? மாநிலத்தைப் பார்க்காதீர்கள், தூரத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. பாம்புக்கடி மருந்தும் வென்டிலேட்டரும் இரண்டும் எங்கே தயாராக இருக்கின்றன என்று 108 கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரிடம் கேட்டு வண்டியைத் திருப்புங்கள். நரம்பில் ஏற்கெனவே பற்றிக்கொண்ட கட்டுவிரியன் நஞ்சை மருந்து எளிதில் விடுவிக்காது. தசை திரும்பும்வரை பல மணி நேரமோ, சில நாட்களோ இயந்திரம்தான் மூச்சு விட்டுத்தர வேண்டும்.

[காட்சி: மருத்துவமனை வாசல்.]

குரல்: ஒப்படைக்கும்போது நேரங்களைச் சொல்லுங்கள்: எப்போது படுத்தார், வலி எப்போது, இமை எப்போது தொங்கியது, எண்ணிக்கை எதிலிருந்து எதற்குக் குறைந்தது, பையை எப்போது எடுத்தீர்கள். சொல்லும்போது கை நிற்கக் கூடாது. வென்டிலேட்டர் குழாயை அவர்கள் பொருத்தி, மார்பு தானாக எழுவதைப் பார்த்த பிறகு பையை விடுங்கள்.