முதியோரைப் பற்றிப் படித்தால் வேலை உண்டா?

சரி, அடுத்த கேள்வி. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டாராம். முதியோர் பராமரிப்பில் பிஎச்.டி. செய்து கல்லூரியில் வேலைக்குப் போக ஆசை. வீட்டில், "கிழடுகளைப் பற்றிப் படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய்?" என்கிறார்களாம். இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்கிறார். இரண்டு நாளாக அந்தக் 'கிழிக்க' என்ற சொல் என்னை விடவில்லை.

வேலை விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பிலேயே அறுபதைத் தொட்டவர்கள் நாட்டில் 10 கோடிக்கு மேல்; தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர். ஆனால் முதியோரியல் என்று தனித் துறை வைத்திருக்கும் கல்லூரிகள் குறைவு. சமூகப்பணி, சமூகவியல், மக்கள்தொகையியல் வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் முதலில் நெட் எழுதுங்கள்; கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு அது. அதில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் வீட்டில் கை நீட்ட வேண்டாம், வாயும் அடைபடும். தரவுக்கு, மும்பையில் மக்கள்தொகை ஆய்வு செய்யும் ஐஐபிஎஸ் நிறுவனத்தின் லாசி என்ற முதுமை பற்றிய ஆய்வு இருக்கிறது. 2017-18 முதல் சுற்றில் 45 வயதைத் தொட்டவர்கள், அவர்களுடைய கணவன் அல்லது மனைவி என்று 72,000-க்கும் அதிகமானவர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வு மாணவர்கள் விண்ணப்பித்து வாங்கலாம்.

பொறுமையும் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று புறநோயாளிப் பிரிவு தொடங்கியது 1978-இல். அங்கே முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு வந்தது 1996-இல். 18 வருஷம்!

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: இந்த ஆய்வை எப்படிச் செய்வது? இங்கிலாந்தில் பீட்டர் டவுன்சென்ட் என்று ஒரு சமூகவியலாளர். 1950-களில் கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் என்ற உழைப்பாளிகள் பகுதியில் 203 முதியவர்களைச் சந்தித்துப் பேசினார். பிறகு முதியோர் இல்லங்களைப் பார்க்கக் கிளம்பி, 173 இல்லங்களுக்குப் போனார். பார்த்தாயிற்றே என்று உட்காரவில்லை. ஓர் இல்லத்தில் குளிப்பாட்டிவிடும் உதவியாளராகவே வேலை பார்த்தார். 1963-இல், 35 வயதில், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியர் ஆனார். முதுகு தேய்த்தவர்தான் அந்த நாற்காலியிலும் உட்கார்ந்தார்.

பெத்னல் கிரீனில் அவர் கண்டதுதான் நான் எப்போதும் பாடும் பழைய பல்லவி. தொடர்ந்து பார்ப்பவர்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. அந்தப் பாட்டிகள் உதவி வாங்கிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், மகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். நாமோ முதியவர் என்ன வாங்குகிறார் என்றே கேட்கிறோம். என்ன கொடுக்கிறார் என்று கேட்பதில்லை.

எனக்கே இது பட்டுத்தான் தெரிந்தது. படித்த காலத்தில் ஒரு கணக்கெடுப்புக்குப் போனேன். திண்ணையில் ஒரு பாட்டி, மடியில் முறம், முறத்தில் முருங்கைக்கீரை. "உங்களுக்கு யார் சமைத்துத் தருகிறார்கள்?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். "மருமகதான்" என்றார். 'மருமகள்' என்று டிக் அடித்தேன். கேள்விகள் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் கீரை முழுவதையும் உருவி முடித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரனுக்குச் சட்டை மாற்றி, பால்காரரிடம் கணக்கும் தீர்த்துவிட்டார். மருமகள் வேலைக்குப் போயிருந்தார். என் படிவத்தில் அந்தப் பாட்டி 'சார்ந்திருப்பவர்'.

மனசு கேட்காமல் ஓரத்தில் பென்சிலால், "கீரை ஆய்கிறார், பேரனைப் பார்க்கிறார்" என்று எழுதினேன். மேற்பார்வையாளர் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது?" என்று கேட்டார். கட்டம் இல்லை. அழித்துவிட்டோம்.

தங்கை, தலைப்பு முடிவானதும் எழுதுங்கள். கேள்விப் படிவத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.